வெள்ளையடித்த சுவரில் வீட்டு எண்

எண்பத்தொன்றாம் வருஷத்து சென்சஸ் வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று பள்ளியில் கேட்டபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சும்மா உட்காரவும் எனக்குத் தெரியாது. "நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்றார் பக்கத்து வகுப்பு சார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு ஒதுக்கியது ஒத்தக்கடையின் ஓரம். புது வீடுகள் உள்ள இரண்டு தெரு, அதைத் தாண்டி மலையடிவாரத்தில் கல் உடைப்பவர்களின் குடிசைகள். தெரு வீடுகளில் காப்பி கொடுத்து, உட்காரவைத்துப் பதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் எனக்கு வரன் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். குடிசைகளுக்குப் போனபோதுதான் சிக்கல். முந்தின வருஷம் வீட்டுக் கணக்கு எடுத்தவர் ஒவ்வொரு சுவரிலும் காவியால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார். என் கையில் இருந்த வரைபடத்தில் அத்தனை எண்களும் இருந்தன. சுவரில் ஒன்றுகூட இல்லை. வெள்ளை வெளேரென்று மண்சுவர். கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டு எல்லோரும் குவாரிக்குப் போயிருந்தார்கள். பாறை மேல் நாலைந்து இளவட்டங்கள் மட்டும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தோள்பையைப் பார்த்ததும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. "பத்து வருஷத்துக்கு முந்தின சென்சஸ்லயும் அந்த இடத்துல ஆள் இல்லைன்னுதாம்மா எழுதுனாங்க. நீயும் பூட்டிய வீடுன்னு போட்டு முடி. வெயில்ல அலையாத" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சர்க்காருக்குப் பயந்துதான் எண்ணை அழித்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு. பஸ்ஸில் போகும்போதே ஒரு பேச்சைத் தயாரித்தேன். இந்தக் கணக்கு ரகசியமானது, வரி போட அல்ல, குடிசையைக் காலி பண்ண அல்ல, நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவள் நான்.

முதல் குடிசை வாசலில் ஓர் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கலாம். பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மகள். நான் நின்றபடியே முழுப் பேச்சையும் பேசி முடித்தேன். அவர் சாம்பல் கையோடு கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பயந்துக்கிட்டா? ஏன் டீச்சர், பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம். நம்பர விட்டுட்டுச் சுத்தியா அடிக்க முடியும்?"

பக்கத்துக் குடிசைப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தை மாதம் என் வீட்டுச் சுவருக்கும்தான் வெள்ளையடித்தோம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை!

பிறகு அந்த அக்கா சிரிப்பை நிறுத்தினார். மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் லாரி போகிற ரோட்டைத் தாண்டி ஒத்தக்கடைக்கு அனுப்ப வேண்டும். இங்கேயே சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அதிகாரிகளிடம் மனு கொடுத்திருக்கிறார்கள்.

"அங்க ஆளே இல்லையே, எங்க கணக்குல வரலையேன்னுட்டாக. பத்து வருசத்துக்கு முந்தி எண்ணுனப்ப இங்க உள்ளவுக அம்புட்டுப் பேரும் வேற குவாரிக்குப் பொழைக்கப் போயிருந்தாகளாம். அங்கயும் எண்ணல, இங்கயும் எண்ணல. இம்புட்டுப் பேரு இருக்கோம், ஆளில்லையாம்ல!"

"நான் எழுதிட்டா ஸ்கூல் வந்துரும்னு சொல்ல மாட்டேங்க்கா" என்றேன். "ஆனா இனிமே ஆளில்லைன்னு சொல்ல முடியாது."

"அது போதும். மொதல்ல அதச் செய்யிங்க."

பொங்கலுக்குக் கரைத்ததில் மிஞ்சிய காவிக் கட்டியைக் கொட்டாங்கச்சியில் குழைத்து அவரே கொண்டுவந்தார். "நடுச்செவுத்துல எழுதிறாதீக, பாக்க நல்லாருக்காது. கதவு நெலைக்குப் பக்கத்துல எழுதுங்க." எழுதினேன். குடிசை குடிசையாகப் படிவம் நிரம்பியது. ஆனால் எந்தக் குடிசையிலும் இளவட்டப் பையன்களைச் சொல்லவில்லை. கேட்டால், "அவன் எங்க வீட்டுல தங்குறான்? பாறையிலதான் கெடக்கான்" என்றார்கள்.

அவர்கள் அன்றைக்கும் பாறை மேல்தான் இருந்தார்கள். அதில் ஒருவன் அந்த அக்காவின் கொழுந்தன். கீழிருந்தே கூப்பிட்டார்.

"எறங்கி வாங்கடா. எண்ண வந்திருக்காக!"

"போ மதினி. இப்பிடித்தான் பையோட வந்து சித்தப்பாவ ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போய் ஆபரேசன் பண்ணி விட்டாக!"

"கல்யாணமே ஆகாதவன், ஒனக்கு எதுக்குடா குடும்பக் கட்டுப்பாடு?"

பெண்கள் சிரித்தார்கள். பாறையில் யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து வருஷத்துக்கு முன், எமர்ஜென்சி சமயத்தில் நடந்தது அது. தயாரித்த பேச்சை விட்டுவிட்டேன். பாறையில் கொஞ்ச தூரம் ஏறி, பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். படிவங்கள், பென்சில், சீப்பு, டிபன் பாக்ஸ்.

ஒருவன் எட்டிப் பார்த்தான். "கத்தியெல்லாம் இல்ல மாப்ள. டிபன் பாக்ஸுதான் இருக்கு."

"என்ன சோறுன்னு கேளு."

"தயிர்ச் சோறு. மாவடு வெச்சிருக்கேன்" என்றேன்.

இறங்கி வந்தார்கள். மாவடு போயிற்று. ஒவ்வொருவனும் பேரும் வயதும் சொன்னான். கொழுந்தன் மட்டும், "தொழில்ல கல் உடைக்கிறதுன்னு எழுதாதீங்க டீச்சர், கபடின்னு எழுதுங்க" என்றான். கல் உடைப்பது என்றுதான் எழுதினேன். ஆள் விடுபடவில்லை என்பது பெரிது.

சூப்பர்வைசர் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "பூட்டிய வீட்டையே காணோமே?"

"இல்ல சார். ஞாயித்துக்கிழமை எல்லாம் திறந்திருந்துச்சு."

அடுத்த தை பிறந்து சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் வந்திருக்கவில்லை. புது மனு எழுதித்தரச் சொல்லி அக்காதான் ஆள் அனுப்பியிருந்தார். குடிசைகளுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நிலைக்குப் பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சுவர் அப்படியே இருந்தது. அதில் என் கோணல் எழுத்தில் காவி எண்.

நான் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"சுத்தியே அடிச்சிட்டோம்" என்றார். "யாராச்சும் வந்து பாக்கட்டும். வாங்க, மனுவ எழுதுங்க."