புள்ளி இல்லாத மழை

அறுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், கணக்கு ஆசிரியர்களுக்காகச் சென்னையில் நடந்த நான்கு வாரப் பயிற்சிக்குப் போனேன். அப்போது எனக்குத் தென்காசியில் பள்ளிக்கூட வேலை. அங்கே கம்ப்யூட்டர் என்ற இயந்திரத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். அதற்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் மொழிக்கு ஃபார்ட்ரான் என்று பெயர். எண்ணில் இரண்டு வகை: முழு எண், புள்ளி வைத்த எண். ஒரே கணக்கில் இரண்டையும் கலக்கக் கூடாது. எண்ணுக்கு நாம் ஒரு பெயர் வைக்கலாம், ஆறு எழுத்துக்குள். அந்தப் பெயர் I, J, K, L, M, N என்ற எழுத்துகளில் ஒன்றில் ஆரம்பித்தால் முழு எண். மற்றபடி புள்ளி எண். இவ்வளவையும் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். விருப்பமுள்ளவர்கள் ஊருக்குப் போன பிறகும் கணக்கு எழுதித் தபாலில் அனுப்பலாம், இயந்திரத்தில் ஓட்டி விடையை அனுப்பி வைப்போம் என்றார்கள். அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் விவசாய இலாகாவில் இருந்தார். குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருந்த விதைப் பண்ணை அவர் பொறுப்பு. தினமும் காலையில் மழைமானியை அளந்து எழுதுவதும் அவர் வேலைதான். பழைய ரிஜிஸ்டர்களில் அளவெல்லாம் அங்குலத்தில் இருந்தது. மேலதிகாரி, பத்து வருடத்துச் சாரல் மாதங்களின் மழையை மில்லிமீட்டருக்கு மாற்றி, ஒவ்வொரு மாதத்துக்கும் நாள் சராசரியும் போட்டு ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

"நீதான் மெஷினுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கப் படிச்சிட்டு வந்திருக்கியே, இதை அதுகிட்ட குடுத்தா என்ன?" என்றார் என் கணவர்.

"குடுக்கலாம். ஒரு வாரத்துல வந்திரும்" என்றேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், பத்து வருடம். தொள்ளாயிரத்து இருபது நாள் அளவுகளையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டம் போட்ட தாள்களில் ஒவ்வொன்றாக எழுதினேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் பெயர்தான் வைத்தார்கள். எனக்கு மட்டும் தமிழில் வைக்க ஆசை. மழைக்கு MAZHAI என்றும், மொத்தத்துக்கு MOTHAM என்றும், நாளுக்கு NAAL என்றும் வைத்தேன். அங்குலத்துக்கு மட்டும் சுருக்கமாக INCH. அங்குலத்தை இருபத்தைந்து புள்ளி நான்கால் பெருக்கினால் மில்லிமீட்டர். இதில் தவற என்ன இருக்கிறது என்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

பதினெட்டு நாள் கழித்துப் பெரிய உறை வந்தது. பிரித்தால் ஒரே ஒரு தாள். நான் எழுதிய வரிகளையே அச்சடித்து, நான்காவது வரிக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் "மிக்ஸட் மோடு" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே இயந்திரத்தை இயக்குகிறவரின் கையெழுத்து. வேறு ஒரு வார்த்தை இல்லை. எண் வகை கலந்துவிட்டது என்று அர்த்தம். INCH என்பது I-யில் ஆரம்பிக்கிறது. அதனால் முழு எண். இருபத்தைந்து புள்ளி நான்கு புள்ளி எண். இரண்டையும் பெருக்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்த விதி. INCH-ஐ ANGUL என்று மாற்றி அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு பெயரில் தவறு கண்டவள் மற்ற பெயர்களையும் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை.

இரண்டாவது உறை ஜூலைக் கடைசியில் வந்தது. இந்தத் தடவை பக்கம் பக்கமாக எண்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தார். இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

"என்னட்டி இது? மூணு சென்ட் மழை பெஞ்ச நாளுக்குச் சைபர் போட்டிருக்கு."

அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைத்தான் சென்ட் என்பார்கள். "ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கும். மேல பாருங்க" என்றேன்.

"மேலயும் பார்த்தாச்சு. சாரல் நாளெல்லாம் சைபர்தான். அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டே போயி அளந்தது நானு. மழையே இல்லேங்குது உன் மெஷினு."

சராசரியும் சரியில்லை. பதினொன்று, ஒன்பது, பதினான்கு என்று முழுசாக விழுந்து, புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் வரிசையாக நின்றன. பத்து வருடத்தில் ஒரு மாதத்துக்குக்கூடவா மிச்சம் வராது?

அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "நீங்கதான் மெஷின். நான் சொல்லுதபடி மட்டும் செய்யணும், சொந்தமா யோசிக்கக் கூடாது" என்றேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவரும் பெருக்கிக்கொண்டே வந்தார்.

"மூணு சென்ட்டை இருபத்தஞ்சு புள்ளி நாலால பெருக்கியாச்சு. முக்கா மில்லிமீட்டர். இதை எங்கன எழுத?"

"மழைங்கிற பேர்ல எழுதுங்க."

"அந்தப் பேருக்குப் புள்ளி உண்டா, கிடையாதா?"

நோட்டை எடுத்துப் புரட்டினேன். மழை M-ல் ஆரம்பிக்கிறது. அது முழு எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும். முக்காலைக் கொடுத்தால் முக்காலைக் கொட்டிவிட்டுப் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளும். மொத்தமும் M. நாள் N. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை அந்த இயந்திரம் எறிந்துவிடும். இதுவும் என் நோட்டில் இருந்தது.

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.

மறுநாள் வேறு பெயர் தேட உட்கார்ந்தேன். மழையை விட்டால் மாரி. அதுவும் M. கார் என்று வைக்கலாமென்றால் K. மொத்தத்துக்குப் பதில் கூட்டல் என்றால் அதற்கும் K. அந்த ஆறு எழுத்தும் என் தமிழில் பாதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தோன்றியது. முன்னால் ஒரு X சேர்த்தால் புள்ளி எண் ஆகிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு MAZHAI-யில் ஒரு எழுத்தை வெட்ட வேண்டும். வீம்புக்கு அதைச் செய்யவில்லை. கடைசியில் மழைக்குப் பெயல், மொத்தத்துக்குத் தொகை, நாளுக்குத் தினம் என்று கிடைத்தது. P, T, T: எல்லாம் புள்ளி எண். தினத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும் வரியில் அந்த ஒன்றுக்கும் மறக்காமல் புள்ளி வைத்தேன்.

ஆகஸ்ட் நடுவில் மூன்றாவது உறை வந்தது. எடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரே தாள். மறுபடியும் சிவப்புப் பென்சில், மறுபடியும் "மிக்ஸட் மோடு". ஒன்றுக்குப் பின்னால் புள்ளி இல்லையாம். கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். என் வரிகளை இயந்திரத்துக்காக அட்டையில் துளைகளாகப் போட்டவர் ஏதோ அழுக்கென்று விட்டிருக்க வேண்டும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், முகம் தெரியாத ஒரு கையெழுத்திடமா? இந்தத் தடவை புள்ளியை மிளகு அளவுக்கு வைத்தேன். பக்கத்தில் "இது புள்ளி" என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பும் எழுதினேன்.

கணவரால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. ஆபீஸ் குமாஸ்தாக்கள் இரண்டு பேரை உட்கார வைத்து, பெருக்கல் அட்டவணையைப் பார்த்துக் கையாலேயே போட்டு, ஆகஸ்ட் கடைசி நாளன்று அனுப்பிவிட்டார். என்னிடம் சொல்லத் தயங்கி இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாத. எனக்கு வேற வழி இல்ல."

"நான் என்ன சொன்னேன்?" என்றேன். ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் கோபம் என்பது அவருக்கும் தெரியும்.

செப்டம்பரில் நான்காவது உறை வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மூன்று சென்ட் சாரலுக்கு 0.762 என்று மூன்று தசமம் வரைக்கும் விழுந்திருந்தது. உட்கார்ந்து குமாஸ்தாக்களின் நகலோடு ஒத்துப் பார்த்தேன். அவர்கள் இரண்டு வருடங்களின் ஜூலைச் சராசரியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஜூலைக்கு முப்பது நாளென்று வைத்து வகுத்திருந்தார்கள். என் கணவர் அதைக் குறித்துக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டினார். சாயந்தரம் வந்தவர் முகத்திலேயே பதில் இருந்தது.

"அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும்னுட்டாரு. அரை மில்லிமீட்டர்ல எந்தக் குளம் நிறையப் போகுதுன்னு கேக்காரு."

"அரை மில்லிமீட்டர்னா தப்பு இல்லையா?"

"தப்புதான். நான் சொன்னா யாரு கேக்கா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சொன்னேன் என்பது வேறு விஷயம். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த கோடையில் மேல்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இந்த வருடம் கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டும் என்று அச்சடித்த அட்டை வந்தது. அதன் அடியில் அதே சிவப்புப் பென்சிலில், தமிழில், ஒரு வரி இருந்தது: "பெயல் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, எழுதவும்."

பதில் எழுதிப் போட்டேன். கிடைத்ததா என்று தெரியவில்லை.