இரண்டே ஊரில் இரண்டாவது இடம்

என் மனைவி காற்றை எடை போடுகிறவள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது நானும் சிரித்தவன்தான். ஒரு கருவி நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி வட்டமான வெள்ளைத் தாள் வழியாக வெளியே விடும். தாளின் எடை கூடிய அளவுதான் தூசு. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு; மூக்கை ஏமாற்றிவிட்டு நுரையீரலின் அடிவரை இறங்கி, ரத்தத்திலும் கலந்துவிடும். எடை போடும் நாளில் என் மனைவி முகத்துக்குப் பவுடர்கூடப் போடமாட்டாள். டூவீலர் மெக்கானிக்கான நான் அன்று அவள் கைப்பையைத் தொட்டால் தொலைந்தேன்.

ஒரு வருடம் பக்கத்து ஊரையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டு அறிக்கை வந்தது. எங்கள் காற்றுதான் சுத்தமாம். அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நான் அதைக் கடையில் ஆயில் டப்பாக்களுக்கு மேலே வைத்து, பஞ்சர் ஒட்ட வந்தவனிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரிலிருந்து அவள் அக்கா போன் செய்தாள். அக்கா மகளுக்கு வீசிங்.

"ஏண்டி, பாப்பாவ உங்க ஊர் ஸ்கூல்லயே சேத்துடட்டுமா? மூச்சு இழுக்கறத என்னால பாக்க முடியலடி."

"தாராளமா அனுப்புங்க!" என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். அவளோ, "ஒரு மாசம் பொறுக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

"ஏன், அக்கா பொண்ணு வந்தா ஆகாதா?"

"கருவி பூங்காவுல இருக்குங்க. ஸ்கூல் மெயின் ரோட்டுல இருக்கு."

மறுநாள் என்னையும் பூங்காவுக்கு இழுத்துப் போனாள். கருவியை வைத்தபோது சுற்றிலும் முழங்கால் உயரக் கன்றுகள்தானாம். கருவியைப் பார்க்க வரும்போதெல்லாம் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி அவளேதான் வளர்த்திருக்கிறாள். இப்போது அவை கருவியின் கூரைக்கு மேலே குடை பிடித்து, தூசை இலையிலேயே தடுத்து நின்றன. திறந்த வெளியில் நிற்க வேண்டிய கருவி தோப்புக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரியிடம் போய்த் தன் தவறுதான் என்று சொல்லி, கருவியைப் பள்ளி மாடிக்கு மாற்றக் கேட்டாள்.

"முதலிடம் போயிடுமேம்மா?"

"போகட்டும் சார். என் அக்கா பொண்ணு இங்க வந்து மூச்சு விடணும்."

அவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில் பார்த்தால் பக்கத்து ஊரைவிட எங்கள் ஊர் மோசம். "உன் பொண்டாட்டி ஊர் மானத்தைக் கப்பலேத்திட்டாளே!" என்று கடையில் வந்து சொன்னார்கள். "மூஞ்சி சரியில்லன்னா கண்ணாடிய உடைப்பியா?" என்று திருப்பிக் கேட்டேன். கேடயத்தையும் அதன் இடத்திலேயே வைத்திருந்தேன்.

அக்கா விஷயம்தான் வலித்தது. "அனுப்பாதக்கா" என்று இவள் சொன்னதும், "பொறுப்பு எடுத்துக்க மனசில்லன்னு நேரா சொல்லு" என்று போனை வைத்தவள், பல மாதம் பேசவில்லை. என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். ஆனாலும் தூசு அளவின் எண்ணை மாற்றிச் சொல்லவில்லை.

அந்த எண்ணைத் தினமும் பள்ளி வாசல் பலகையில் எழுத ஏற்பாடு செய்தாள். பெற்றோருக்குக் கோபம் வந்தது. நகராட்சியை உலுக்கினார்கள். வாசலில் நிற்கும் பஸ்கள் இன்ஜினை அணைத்தன. சந்தைக்குப் பின்னால் குப்பை எரிப்பது நின்றது. எண் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டாம் வருடம் பக்கத்து ஊரைவிட நன்றாகவே கீழே வந்தது.

அன்று அவளே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"வீசிங் அடியோட போயிடும்னு சொல்லமாட்டேன். ஆனா அங்கத்த விட இங்க நல்லாருக்கு. இப்ப அனுப்புக்கா."

அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"நீயே எடை போட்டியாடி?"

"நானேதான்."

"அப்ப பாப்பாவ பஸ் ஏத்திடறேன்."