மூட்டை முன்னே போன சனிக்கிழமை

அக்காவின் தபால் கார்டு ஒரு வியாழக்கிழமை வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது, அத்தான்தான் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சியிலிருந்து நாகப்பட்டணம் போகிறார்கள். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். ரப்பர்த் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. முடிந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகவும் என்று கடைசி வரியில் இருந்தது.

நான் அந்தக் கார்டை அடுப்படியில் வைத்து நாலு தரம் படித்தேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அக்கா. கப்பல் ஏறினால் எப்போது திரும்புவாளோ, யாருக்குத் தெரியும்? இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்தால்தான் உண்டு.

அப்போது நாங்கள் புதுக்கோட்டையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சமஸ்தான ஆபீசில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலையில் நாற்காலியில் இருந்தாக வேண்டும். அவர் ரயில்வே ஸ்டேஷனுக்கே போய் நேரம் விசாரித்து வந்தார். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஒரு வண்டி. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குத் திருச்சியில் ஏறினால்தான் திரும்பி வரத் தோது. ஆபீஸ் விட்டு வந்து, ஒரு வாய் சாப்பிட்டு, ரெண்டரைக்கு ஜட்கா ஏற வேண்டும் என்று திட்டம் போட்டார்.

“ரெண்டரையா? எமகண்டமுல்ல அது!” என்றார் என் மாமியார். “ஒண்ணரையிலேருந்து மூணு வரைக்கும் எமகண்டம். கடல் தாண்டிப் போற புள்ளையப் பாக்கப் போறீக. அந்த நேரத்துல வாசப்படி இறங்கலாமா?”

“ஆத்தா, ரயில்காரன்கிட்ட எமகண்டம்னு சொன்னா நிறுத்தி வைப்பானா?”

“ஒன்னைய யாரு நிறுத்தச் சொன்னா? காலையில பரஸ்தானம் வச்சுட்டாப் போச்சு.”

நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நம் மூட்டையை மட்டும் நல்ல நேரத்தில் கிளப்பி, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பேர். மூட்டை வாசல் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நாம் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஆனால் வெளியே போன மூட்டையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு அடுப்போடுதான் வேலை. முறுக்கு சுட்டேன். கப்பலில் குமட்டலுக்கு ஆகும் என்று காய்ந்த நார்த்தங்காய் ஒரு பொட்டலம் கட்டினேன். எனக்கு ஒரு மாற்றுப்புடவை, அவருக்கு வேட்டி, துண்டு. எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் வைத்துக் கட்டினேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒன்பது மணி ராகுகாலம் வருவதற்குள், மாமியாரே அதை எதிர்வீட்டு அத்தாச்சி வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போதே பாதி வழி போய்விட்ட மாதிரி இருந்தது.

பதினோரு மணி இருக்கும். திருவரங்குளத்திலிருந்து ஓர் ஆள் வந்து, அத்தாச்சியின் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அத்தாச்சி பதறிப்போய், கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ரெண்டரை மணிக்கு, ஜட்கா வந்து நின்ற பிறகு.

பூட்டின கதவைப் பார்த்து மூன்று பேரும் தெருவில் நின்றோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடத்து மூலையில் மூட்டை உட்கார்ந்திருந்தது. அவர் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைக்கு மேல் போகவில்லை.

“தொரட்டி ஏதாச்சும் இருக்கா?” என்றார்.

ஜட்காக்காரர் சிரித்தார். “சாமி, மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்துருவீக. கம்பிக்கு வெளிய எப்படிங்க எடுப்பீக? முறுக்கு மாவாத்தான் வரும்.”

மாமியார் முகம் இறுகிவிட்டது. “மூட்டை அங்கிட்டு இருக்கு. ஆளு மட்டும் போனா பயணம் ரெண்டா ஒடையும். நாளைக்குக் காலையில போங்க. அதுக்குள்ள அவ வந்துருவா.”

“காலை வண்டியில போனா ஒன்பது மணிக்குத்தான் எறங்குவோம். ரெண்டு மணிக்குத் திரும்பணும். அதுல பாதி நேரம் போக வர்றதுலயே போயிரும்” என்றார் அவர். ஆனாலும் அம்மா பேச்சைத் தாண்ட அவருக்கு மனசில்லை. என்னைப் பார்த்தார். பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பதிலை எதிர்பார்த்துப் பார்க்கவில்லை, சும்மாதான் பார்த்தார்.

அத்தாச்சி நாளைக்குக் காலையில் வருவாள் என்பதற்கு என்ன நிச்சயம்? முதல் பிரசவம். இரண்டு நாளும் ஆகலாம். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே அது புரிந்தது.

“அத்தை, நான் இப்படியே போறேன்” என்றேன்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமியாரின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் மறுப்பு அது. மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“போறேன்னு சொல்லாதடி, கூறுகெட்டவளே. போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“போயிட்டு வாரேன் அத்தை.”

ஜட்கா கிளம்பிவிட்டது.

ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவின் மாமியார் வீட்டுக்கு, அதுவும் சீமைக்குப் போகிறவளை வழியனுப்ப, கையை வீசிக்கொண்டு போகிறேன். கீரனூர் தாண்டும் வரை என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மடியில் வைத்தால் வெறுமையாகத் தெரிந்தது, முந்தானைக்குள் வைத்தால் எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது.

பாலக்கரையில் அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் அக்காவின் மாமியார் என் முகத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லவேளைடி! இந்த வீட்டுல இன்னொரு மூட்டை வைக்க எடமில்ல.”

உண்மைதான். கூடம் முழுக்கப் பெட்டியும் ஆட்களும். அத்தானின் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அக்காவிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா, “மாத்திக்க ஒண்ணுமில்லாம வந்துருக்கா, அவளுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கணும்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

புடவைகள் இருந்த ட்ரங்குப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கவே வெகுநேரம் ஆனது. அவிழ்த்து, புடவை எடுத்து, மறுபடி அடுக்கினோம். அடுக்கியதைக் கலைத்து இன்னொரு விதமாக அடுக்கினோம். இரண்டு பேருக்கும் அவசரமில்லை.

“கடலப் பாத்துருக்கியாடி?” என்று கேட்டாள்.

“இல்லக்கா.”

“நானும் பாத்ததில்ல. நாகப்பட்டணத்துலதான் பாக்கணும். பாத்த கையோட ஏறணும்.” ஒரு புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே, “பயமா இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லிராத” என்றாள்.

வெளியிலிருந்து, “என்னம்மா, பொடவையை நெய்துக்கிட்டு இருக்கீகளா?” என்று அவள் மாமியார் குரல் கொடுக்கும் வரை அங்கேயே இருந்தோம். மூட்டை என்னோடு வந்திருந்தால் அந்தக் கதவைச் சாத்த எங்களுக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்காது. இதை என் மாமியாரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை. சொன்னால், பரஸ்தானம் வைத்த பலன் என்று தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

சில வருஷங்களில் உலக யுத்தம் வந்தது. கடிதம் நின்றது. அக்கா அந்த மண்ணோடேயே போய்ச் சேர்ந்தாள் என்று சண்டை முடிந்த பிறகு அத்தான் எழுதினார். அந்த ஒரு சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது அவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வண்டிதான் முதலில். வழியனுப்பப் போனவள் நான், ஆனால் வாசலில் நின்று வழியனுப்பியது அக்கா. நான் அவளுடைய பச்சைப் புடவையில் தெருவில் இறங்கி நடந்தேன். பத்தடி போயிருப்பேன்.

“ஏடி!” என்று கூப்பிட்டாள்.

புறப்பட்டவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவள் மாமியார், “அறிவிருக்கா ஒனக்கு?” என்று அதட்டியது கேட்டது. நானும் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதுதான். பார்த்தேன்.

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள். “சும்மாதான் கூப்பிட்டேன்.”