வெட்டிப்போட்ட நாற்பத்தொரு விநாடி

வேண்டாததை எடுத்தெறிவது மட்டுமே ஒருவரின் தொழிலாக இருந்தால், அவர் எதையாவது செய்தார் என்று சொல்லலாமா? மார்லீஸ் ஓவர்பெக்கின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எண்பதுகளில் ஹாகன் நகரத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் அவர் ஒலிநாடா வெட்டினார். இசைக்குழுக்கள் ஐந்து நிமிடத்துக்குப் பாடிவிட்டுப் போகும். வானொலிக்காரர்களுக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது. மார்லீஸ் நாடாவில் வெள்ளைப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக அறுத்து, முனைகளை ஒட்டுவார். ஒட்டு காதுக்குத் தெரியக் கூடாது. தெரிந்ததும் இல்லை. காபெல் எல்ஃப் என்ற சிந்தசைசர் குழுவின் பதினான்கு சிங்கிள் என்னும் ஒற்றைப்பாட்டு இசைத்தட்டுகளும் அவர் கைபட்டுத்தான் வெளியே போயின. உறையில் குழுவுக்கு முடி திருத்தியவரின் பெயர்கூட இருந்தது. மார்லீஸின் பெயர் இல்லை. அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதில்லை.

கோபம் வந்தது அறுபத்திரண்டாம் வயதில், அவர் சிறு தோட்டம் வைத்திருந்த தோட்டச் சங்கத்தின் கோடை விழாவில்.

அந்த வருடம் காபெல் எல்ஃபின் சிடி தொகுப்பு வெளிவந்திருந்தது. 'எல்லா சிங்கிள்களும், அன்று வெளிவந்தபடியே' என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் ரூடி அதை ஒலிபெருக்கியில் போட்டார். செடிவேலி ஒன்றேகால் மீட்டரைத் தாண்டினால் கடிதம் அனுப்புகிறவர் அவர். 'ஜன்னல் பக்கம் யாருமில்லை' வந்ததும், உருளைக்கிழங்கு சாலட் தட்டுகளை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து பாடினார்கள். முதல் சரணம், பல்லவி. அதன்பின் சுருதி சட்டென்று ஒரு படி மேலே தாவி மறுபடி பல்லவி. அந்தத் தாவலுக்காகத்தான் ஊரே அந்தப் பாட்டை விரும்பியது. எண்பது பேரும் தாவினார்கள். பாட்டு தாவவில்லை. யாரும் கேட்டிராத ஒரு சரணத்துக்குள் அது நிதானமாக நுழைந்தது. எண்பது பேரும் அந்தரத்தில் நின்று, அசடு வழிந்து, சிரித்தார்கள்.

"வயசாயிடுச்சுப்பா நமக்கு. பாட்டே மறந்துபோச்சு," என்றார் ரூடி.

"யாரும் மறக்கல ரூடி. நீங்க பாடினதுதான் சரி. சிடிதான் தப்பு. நான் வெட்டாத நீளப் பாட்டைப் போட்டிருக்காங்க."

"அட போ மார்லீஸ். எண்பது குடிகாரங்க தப்பாப் பாடலாம். அச்சடிச்சவன் தப்புப் பண்ணுவானா? பாரு, அன்னிக்கு வந்தபடியேன்னு போட்டிருக்கான்."

அதைத்தான் மார்லீஸால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்வது ஒரு குற்றம். கேட்டவன் தன் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி பொய் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். அதில் ஏமாந்தவனே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறான்.

தொகுப்பை வெளியிட்ட நிறுவனத்துக்கு நான்கு பதிவுத்தபால்கள் அனுப்பினார். நான்குக்கும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரே பதில். ஐந்தாவதற்குப் பாட்டை எழுதிய எக்கார்ட் லிண்ட்னரே தோட்டத்துக்கு வந்து நின்றார். சங்க விதிப்படி மதிய ஓய்வு நேரம். ஆகவே இருவரும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள்.

"மிஸஸ் ஓவர்பெக், நீளமான பாட்டுகளைப் போடச் சொன்னது கம்பெனி இல்ல, நான்தான்."

"அப்ப நீளப் பாட்டுன்னு அச்சடிக்க வேண்டியதுதானே."

"அந்த ரெண்டாவது சரணம் செத்துப்போன என் தம்பிக்காக எழுதினது. நீங்க பிளேடால அறுத்துட்டீங்க. முப்பது வருஷமா அவன் இல்லாமலே ஊரு பாடுது."

"அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்," என்றார் எக்கார்ட், தக்காளிச் செடிகளைப் பார்த்து.

"உங்க துக்கம் நெசந்தான், மிஸ்டர் லிண்ட்னர். அதுக்காக எண்பது பேரை மறதிக்காரங்களா ஆக்கினது என்ன நியாயம்?" குரல் உயர்ந்துவிட்டது.

"மூணு மணி வரைக்கும் அமைதி! பலகையில எழுதியிருக்கு!" என்றார் வேலிக்கு அப்பாலிருந்து ரூடி.

"எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்," என்றார் மார்லீஸ்.

எக்கார்ட் குரலை இன்னும் தாழ்த்தினார். "அன்னிக்கு நீங்க வெட்டி ஒட்டின நாடாவெல்லாம் தொலைஞ்சுபோச்சு. முழுப் பாட்டோட பிரதிங்கதான் மிச்சம். ரெண்டாம் பதிப்புக்கு நீங்களே மறுபடி வெட்டித் தர்றீங்களா? உங்க பேரும் போடுறோம்."

"பேரு உங்க இஷ்டம். உறையில இருக்கிற வரி உண்மையா இருக்கணும்."

கணினி வேண்டாமென்று சொல்லிவிட்டு, பழைய இசைத்தட்டுகளைப் பக்கத்தில் ஓடவிட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து பதினான்கையும் வெட்டினார். அடுத்த கோடை விழாவில் எண்பது பேரும் தாவினார்கள். பாட்டும் கூடவே தாவியது. "சரிபண்ணிட்டான் போல," என்றார் ரூடி. அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பதிப்பில், பதினான்காவது பாட்டு முடிந்து ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு, அந்த இரண்டாவது சரணம் மட்டும் தனியாக வருகிறது. வெட்டிய துண்டை அன்றன்றே குப்பையில் போடுவதுதான் தொழில் வழக்கம். மார்லீஸ் அந்த நாற்பத்தொரு விநாடியை, பதினைந்து மீட்டர் நாடாவை, ஒரு பிஸ்கட் டப்பாவில் முப்பது வருடம் வைத்திருந்து, கடைசி நாள் ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, புதுத் தொகுப்பு நாடாவின் வாலில் தானே ஒட்டினார். எக்கார்ட் அதை இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு, உறையில் இதற்கு என்ன போடலாம் என்றார்.

உறையிலிருந்த ஒரு வரிக்காக ஒரு வருடம் சண்டை போட்ட மார்லீஸ், "ஒண்ணும் போடக் கூடாது. இது உங்க தம்பிக்கு," என்றார்.

ஏன் என்று எக்கார்ட் கேட்டார். மார்லீஸ் காலி டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.