தீயணைப்பு வண்டியைத் தள்ளிய டீக்கடை

கள்ளக்குறிச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே நான் டீக்கடை வைத்திருந்தேன். அங்கே மணி அடித்தால், குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள். நெருப்பை அணைக்க இல்லை, வண்டியைத் தள்ள. வாசல் சரிவில் ஊரே சேர்ந்து தள்ளினால்தான் அது கிளம்பும். 'சாம்பலுக்குத் தண்ணி தெளிக்கிற வண்டி' என்று அதற்குப் பேர்.

எல்லோரையும்விட மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறவர் ஒரு மூட்டை தூக்கும் ஆள். எனக்கு மச்சான் முறை. இடுப்பு ஒடிந்த அவர் மனைவி கூரை வீட்டில் படுத்த படுக்கை. "பொண்டாட்டியத் தூக்கினு, மூட்டையத் தூக்கினு, இத்தையும் தள்ளிக்கினு... எனக்கு ஒரு காக்கிச் சட்டை குடுங்கடா" என்பார்.

புது வண்டி கேட்டு டிரைவர் விடாமல் எழுதிப் போட்டதில் ஒருநாள் மேலதிகாரி பார்க்க வந்தார். "இது கெளம்பாதுங்க ஐயா" என்று டிரைவர் சாவியைத் திருப்பினார். பாழாய்ப் போன வண்டி, அன்றைக்கென்று ஒரே திருப்பில் கிளம்பியது.

அதிகாரி மீட்டரை எட்டிப் பார்த்தார். "மாத்தணும்னா இன்னும் நெறைய கிலோமீட்டர் ஓடியிருக்கணுமே."

"ஓடாத வண்டிக்குக் கிலோமீட்டர் எப்பிடிங்க ஏறும்?" என்றார் மச்சான்.

"நீ யாருய்யா?"

"இதுக்கு இஞ்சின் நான்தாங்க."

கடையே சிரித்தது. அதிகாரியும் சிரித்து, என் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் ஒரு நண்பகல், மணி அடித்தது. தள்ள ஆரம்பித்த பிறகுதான் எந்தத் தெரு என்று டிரைவர் சொன்னார். மச்சானின் தெரு. அவர் கத்திக்கொண்டே தள்ளினார். ரோட்டுமுனை வரை இருமியதே தவிர வண்டி கிளம்பவில்லை. மச்சான் அதை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஒருவழியாக வண்டியைக் கிளப்பி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரையும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. சாம்பலுக்குத்தான் தண்ணீர் அடித்தார்கள்.

பிறகு கிலோமீட்டர் ஏறாமலே புது வண்டி வந்தது. மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பழசை உடைக்கப் போடுவார்கள் என்று பார்த்தால், கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பச் சொன்னார் அதே அதிகாரி. "அங்க எறக்கம் ஜாஸ்தி, தானா உருண்டுக்கினு போவும்."

அனுப்பவும் தள்ள வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே மச்சான் போய்த் தோள் கொடுத்தார். கிளம்பியதும் ஓடிப்போய் டிரைவரின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அங்க எதிர்ல டீக்கடை இருக்குதாங்க?"

டிரைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் கியரை மாற்றினார்.