ஆற்றில் இறங்கிய இருவர்

எங்கள் தியேட்டரில் கதவு திறப்பவளை டார்ச் அக்கா என்போம். எந்தப் படத்தையும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை. படம் முடிந்ததும் பக்கவாட்டு இரும்புக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதால், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் உள்ளே வந்து நிற்பாள். "நான் நேரா கல்யாணத்துக்குத்தான் போறேன். அதுக்கு முன்னாடி நடந்த சண்டையெல்லாம் எனக்கெதுக்கு?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் போர்ப் படம் வந்தபிறகு வாய் அடங்கிவிட்டது. படையை விட்டு ஓடிவந்த இரண்டு சிப்பாய்கள் பனிமூட்டத்தில் ஆற்றில் இறங்குகிறார்கள். திரை இருள்கிறது. ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான் படம். குண்டு பட்டதா இல்லையா என்பது எடுத்த புண்ணியவானுக்கே வெளிச்சம்.

தலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் அவளிடம்தான் கேட்பார்கள். "தப்பிச்சுட்டாங்க," என்பாள், கூடவே போய்க் கரையேற்றிவிட்டு வந்தவள் மாதிரி.

டிக்கெட் கிழிக்கும் எனக்குக் காரணம் தெரியும். அவளுடைய ஒரே தம்பி பட்டாளத்திலிருந்து ஓடிப்போனவன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. தேடி வந்துகொண்டிருந்த அதிகாரிகளே வருவதை நிறுத்திவிட்டார்கள். இவள் மட்டும் அதே ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறாள், அவன் வந்தால் வீடு தெரிய வேண்டுமே என்று. வரன் வந்தது, நல்ல வேலை வந்தது. வேறு ஊர் என்றதும் வேண்டாம் என்றுவிட்டாள். நினைத்தால் எனக்கு எரிச்சலாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

நேற்று மதியக் காட்சி முடிந்து ஒரு அம்மா லேசில் விடவில்லை. "தப்பிச்சிருந்தா, வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்த மாதிரி காட்டியிருப்பாங்களேம்மா. ஒண்ணுமே வரலைன்னா என்ன அர்த்தம்?"

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலி ஹாலில் பாப்கார்னைக் கூட்டிக்கொண்டே அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த காட்சியில், சிப்பாய்கள் தண்ணீரில் கால் வைத்ததுமே கதவை அகலத் திறந்துவிட்டாள். பஸ் ஹாரனும் கடைவீதி இரைச்சலும் உள்ளே பாய்ந்தன. துப்பாக்கி வெடித்ததே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தப்பித்துவிட்டார்கள் என்று ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். மேனேஜர் வந்து அவளைக் காய்ச்சி எடுத்தார்.

அவர் போனதும், "விடுக்கா," என்றேன். "ஒருத்தருக்கும் அந்தச் சத்தம் கேக்கலை. அதுவே போதுமே."

கதவை இழுத்துச் சாத்தினாள்.

"எனக்குக் கேட்டுச்சுடா," என்றாள்.