மச்சான் தள்ளி வைத்த நேரம்

அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பச்சை விளிம்பு போட்ட கடிகாரத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலிக் புலா என்ற சிற்றூரில், டுரியான் பழத்தோட்டத்தை ஒட்டிய வீடு அது. அக்காவின் கணவர், என் மச்சான், ஒருமுறை தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிட்டு மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக் கடிகாரங்களை முன்னால் தள்ளி வைக்கத் தொடங்கினார். அப்படியும் தாமதமானால் இன்னும் கொஞ்சம் தள்ளுவார்.

நான் அப்போது செபராங் ஜெயா நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே வானியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் ஆய்வு ஓர் இரட்டை விண்மீனைப் பற்றியது. இரண்டும் ஏறக்குறைய உரசிக்கொள்ளும் நெருக்கத்தில் சுற்றுபவை. ஒன்று மற்றதை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் மங்கும். அந்த மங்கல் எப்போது வரவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். கணக்கிட்ட நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடினால் அவை சுற்றும் காலம் மாறுகிறது என்று பொருள். சில நிமிட வித்தியாசம்தான், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் விளக்கு வெளிச்சத்தில் நிலா தெரிவதே பெரிய விஷயம். அதனால் தொலைநோக்கியை அக்கா வீட்டுக் கொல்லையில் நிறுத்தினேன். எடுத்த படங்களில் நேரத்தைப் பதியும் பழைய கணினி கூடத்தில் இருந்தது. இணையம் கிடையாது. அதன் நேரத்தை முதல் நாளே சரிசெய்து வைத்திருந்தேன். அதைப் போய் ஒருவர் தொடுவார் என்று யாருக்குத் தோன்றும்?

மழையும் மேகமும் விட்டுவைத்த இரவுகளில் எடுத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மங்கல் வரவரத் தாமதமாக வந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு வாயு வழிகிறது, சுற்றுக்காலம் நீள்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தாமதம் சீராக ஏறவில்லை, படிக்கட்டு போலக் குதித்துக் குதித்து ஏறியிருந்தது. விண்மீன் இப்படிக் குதிக்காது, உன் கடிகாரத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்.

அன்றே பாலிக் புலாவுக்கு ஓடினேன். கணினியையும் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணினி பல நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்து, "நான்தான் மாத்தினேன் தம்பி. வீட்டுல எல்லா மணியும் ஒரே மாதிரி இருக்கணும்லா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போதெல்லாம் எவ்வளவு தள்ளினீர்கள் என்று கேட்டேன். தெரிந்தால் கழித்துவிடலாமே! "அந்தச் சுவத்து மணிய பாக்காமத்தான் தள்ளுவேன். அப்புறம் கம்ப்யூட்டர அதுக்குச் சரியா வெப்பேன். எவ்வளவுன்னு தெரிஞ்சா மனசு கழிச்சிட்டு மறுபடி தூங்கிரும்லா" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு சூரியன்களின் கதை என்று நான் எழுதியதெல்லாம் என் மச்சான் வேலைக்குத் தாமதமாகப் போன கதை. அத்தியாயம் குப்பைக்குப் போனது, பட்டமும் தள்ளிப்போனது. பல மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ நான் போகும்போதெல்லாம் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனிதர்.

மச்சான் நெஞ்சுவலியில் போய் ஒரு வருடமாகிறது. இப்போது கொல்லையில் புதுக் கணினி, இணையத்தில் இருந்து வரும் சுத்தமான நேரம். அந்த விண்மீனின் மங்கல் கணக்குப்படியே வருகிறது, மாற்றம் என்று எழுத ஒன்றுமில்லை. இதற்கா இத்தனை பாடு என்று போன வாரம் கூடத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த அக்கா கடிகாரத்தையே பார்த்தபடி நின்றாள். அது கொஞ்சம் மெதுவாக ஓடும் கடிகாரம். தள்ள ஆள் இல்லாமல், முன்னால் நின்ற நிமிடங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிட்டிருந்தன.

"சரியா காட்டுது தம்பி. பாக்கவே முடியல" என்றாள். "கொஞ்சம் தள்ளி வையேன்."

செத்தும் என் உயிரை வாங்குகிறாரே என்று திட்டிக்கொண்டுதான் நாற்காலியில் ஏறினேன். கடிகாரத்தை இறக்கி, அதன் முகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத் திருகைத் திருப்பினேன். எவ்வளவு திருப்பினேன் என்று பார்க்கவில்லை.